மகனுக்கு வைத்த சிலையில் மகன் இல்லை: சொந்த அனுபவத்தைக் கலையாக்குவது எப்படி, படிப்படியாக

அப்பா இறந்து மூன்றாவது வாரம் ஒரு பெரிய கேன்வாஸ் வாங்கி வந்தேன். மூன்றடிக்கு நான்கடி. நெஞ்சு முழுக்க அவர்தான், கை துடித்துக்கொண்டிருந்தது, இப்போது வரையாவிட்டால் எப்போது என்று நான்கு இரவு தூங்காமல் வரைந்தேன். நடுவில் அப்பாவின் முகம், காலடியில் தலை குனிந்து நான், பின்னால் கறுத்த வானம், மூலையில் அணையப்போகும் விளக்கு ஒன்று. வரையும்போது அழுதேன், அதனால் படமும் அழவைக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா வந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யாருடா இது?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி நான் படித்ததும் பார்த்ததும் செய்து கெடுத்ததும்தான் இந்த வழிகாட்டி. படம் வரைபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கதை, கவிதை எழுதுபவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். "உள்ளத்தைத் திற, உணர்ச்சியைக் கொட்டு" மாதிரியான அறிவுரை இதில் இருக்காது. நான் கொட்டித்தான் பார்த்தேன், கொட்டியதெல்லாம் தரையில்தான் கிடந்தது.

வழி நெடுக ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வோம். கேத்தே கொல்விட்ஸ், ஜெர்மன் ஓவியர், சிற்பி, 1867ல் பிறந்தவர். கணவர் கார்ல் பெர்லினில் ஏழைத் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதியில் மருத்துவர். இரண்டு மகன்கள், ஹான்ஸ், பேட்டர். 1914ல் முதல் உலகப்போர் தொடங்கியதும் இளையவன் பேட்டர் படையில் சேர வேண்டும் என்று நின்றான். பதினெட்டு வயது, அப்பாவின் அனுமதி வேண்டும். கார்லுக்கு விருப்பமில்லை. கணவரிடம் பேசி சம்மதிக்க வைத்தவர் கேத்தேதான். அக்டோபர் மாதம் பெல்ஜியத்தில் பேட்டர் கொல்லப்பட்டான். வெறும் துக்கம் என்றால் அது ஒரு மாதிரி, இதில் குற்றவுணர்ச்சியும் சேர்ந்துகொண்டது. டிசம்பரில் மகனுக்கு ஒரு நினைவுச்சின்னம் செய்ய முடிவெடுத்தார். அது நிறுவப்பட்டது 1932 ஜூலையில். கிட்டத்தட்ட பதினெட்டு வருடம், அவன் உயிரோடு இருந்த அதே அளவு காலம். அந்தப் பதினெட்டு வருடத்தில் அவர் என்ன செய்தார் என்பதில் நமக்கு வேண்டியது ஏறக்குறைய எல்லாமே இருக்கிறது.

படி 1: குறித்து வையுங்கள், படைக்க வேண்டாம்

அனுபவம் புதிதாக இருக்கும்போது செய்யவேண்டிய ஒரே வேலை இதுதான். ஒரு நோட்டு, பேனா, நாளுக்குப் பதினைந்து நிமிடம். கொல்விட்ஸ் 1908லிருந்து 1943 வரை நாட்குறிப்பு எழுதியவர். மகன் இறந்தபோது அந்தப் பழக்கம் ஏற்கெனவே அவர் கையில் இருந்தது. நம்மில் பலருக்கு இருக்காது, பரவாயில்லை, இன்றைக்கே தொடங்கலாம்.

எதை எழுதுவது என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறோம். "இன்று மனசு ரொம்ப பாரமாக இருந்தது" என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து அந்த வரி ஒன்றுக்கும் உதவாது, ஏனென்றால் அது யாருடைய நோட்டிலும் இருக்கக்கூடிய வரி. அதற்குப் பதில் கண்ணும் காதும் மூக்கும் பிடித்ததை எழுதுங்கள். யார் எங்கே நின்றார்கள், பந்தல்காரர் எவ்வளவு கேட்டார், ஆம்புலன்ஸ் டிரைவர் போனில் யாரிடம் சாப்பாடு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், ஐஸ் பெட்டியின் மோட்டார் எந்தச் சத்தத்தில் ஓடியது. பொருத்தமே இல்லாத விஷயங்களைக் கட்டாயம் எழுதுங்கள். சாவு வீட்டில் எனக்குச் சிரிப்பு வந்த இடம் ஒன்று உண்டு, வெட்கப்பட்டு அதை எழுதாமல் விட்டேன், இப்போது அது சரியாக நினைவில் இல்லை. இன்றுவரை வருத்தம்.

இங்கே ஒரு குற்றவுணர்ச்சி வரும்: இந்த நேரத்தில் போய் வேடிக்கை பார்த்துக் குறித்துக்கொண்டிருக்கிறேனே, நான் மனிதனா என்று. 1879ல் பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே தன் மனைவி கமீல் இறந்த படுக்கையில் அவர் முகத்தை வரைந்தார். சாவு அந்த முகத்தில் ஏற்றிய நீலத்தையும் மஞ்சளையும் சாம்பலையும் தன் கண் தானாகவே கவனித்துக்கொண்டிருந்ததைப் பிற்பாடு நண்பர் ஒருவரிடம் கலக்கத்தோடு சொன்னார். அந்தப் படம் பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கண் அப்படித்தான், அதற்கு ஓய்வு தெரியாது. அதற்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டாம்.

எழுதியதை ஒரு மாதமாவது திருப்பிப் படிக்காதீர்கள். படித்தால் அழகாக்கத் தோன்றும்.

படி 2: உணர்ச்சியை விடுங்கள், பொருளைத் தேடுங்கள்

இந்தப் படிதான் எனக்குப் புரியவே இரண்டு வருடம் ஆனது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பாரி இறந்த பிறகு அவருடைய மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு இருக்கிறது, 112வது. பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள், அற்றைத் திங்கள் என்று தொடங்குவது. இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள், இந்த முறை மார்க்குக்காக இல்லாமல். ஐந்தே வரி. அன்று அந்த நிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இன்று இந்த நிலவில் வென்ற வேந்தர்கள் குன்றைக் கொண்டார்கள், தந்தையும் இல்லை. அவ்வளவுதான். அழுகை, கண்ணீர், துயரம், வலி, ஒரு சொல்கூடக் கிடையாது. இருப்பதெல்லாம் நிலா, குன்று, தந்தை, முரசு. நிலா மட்டும் மாறவில்லை, அந்த மாறாத நிலவைக் காட்டிவிட்டு மற்றதைப் படிக்கிறவர் தலையில் இறக்கிவிட்டார்கள்.

நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க்கைப் பாருங்கள். அவருடைய அக்கா சோஃபி 1877ல் காசநோயில் இறந்தாள், பதினைந்து வயது. எட்டு வருடம் கழித்து 1885ல் 'நோயுற்ற குழந்தை' படத்தைத் தொடங்கினார். அதில் ஒரு நாற்காலி, பெரிய வெள்ளைத் தலையணை, அதில் சாய்ந்த ஒரு சிறுமி, பக்கத்தில் தலை கவிழ்ந்த ஒரு பெண். அக்கா கடைசியாக உட்கார்ந்திருந்த நாற்காலியை மூங்க் வாழ்நாள் முழுக்க வைத்திருந்தார். ஒரு நாற்காலியை! துக்கத்தை அலமாரியில் வைத்துப் பாதுகாக்க முடியாது, நாற்காலியை வைக்கலாம், வேண்டும்போது அதன் எதிரில் போய் உட்காரலாம்.

சரி, நீங்கள் செய்யவேண்டியது. ஒரு தாளில் அந்த அனுபவத்தோடு ஒட்டிய இருபது பொருட்களை எழுதுங்கள். முதல் ஐந்தோ ஆறோ சட்டென்று வரும், அவற்றில் பெரும்பாலும் சரக்கு இருக்காது: அணையும் விளக்கு, வாடிய பூ, மழை வழியும் ஜன்னல், காலியான ஊஞ்சல். இவை எல்லோர் வீட்டுத் துக்கத்திலும் இருப்பவை, சினிமா நமக்கு வாடகைக்குக் கொடுத்தவை. அடித்துவிடுங்கள். பத்துக்கு மேல் போகும்போது மண்டை காயும், அப்போது வருவதுதான் உங்களுடையது.

என் பட்டியலில் பதினான்காவது: அளவு நோட்டு. அப்பா தையல்காரர். வாடிக்கையாளர் அளவெல்லாம் நீள நோட்டில் எழுதி வைப்பார், பெயர், தேதி, கீழே சோல்டர், செஸ்ட், கை, காலர், உயரம். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. அந்த நெருக்கடியிலும் ஒரு நாள் ராத்திரி கடை மூடிய பிறகு என்னை நிற்க வைத்து இஞ்ச் டேப்பைப் போடுவார். அந்த நோட்டுகளை எடுத்துப் புரட்டியபோது ஒவ்வொரு வருடமும் என் பெயர் இருந்தது. கை பதினாறரை. அடுத்த வருடம் பதினேழே முக்கால். பதினெட்டரை. கொஞ்சம் லூஸ் வைக்க வேண்டும் என்று பக்கத்தில் ஒரு குறிப்பு, வளர்கிற பையன் அல்லவா. அப்பா என்னைக் கொஞ்சி நான் கேட்டதில்லை. நோட்டில் எல்லாம் இருந்தது, கால் இஞ்ச் தப்பாமல்.

பொருளே மிஞ்சாதவர்களும் உண்டு. வீட்டை விட்டு ஒரு பையோடு ஓடியவர்கள். அவர்களுக்கு யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் செய்த வேலையைச் சொல்வேன். போரில் இடம்பெயர்ந்தவர்களிடம், இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். வாசல் எங்கே, கிணறு எங்கே, சாமியறை எங்கே என்று அவர்கள் போட்ட கோடுகளை வைத்து 2011ல் ஒரு புத்தகம் உருவானது, பழைய காணிப் பதிவேடான தோம்பை நினைவூட்டும் அமைப்பில். இதை யாரும் செய்து பார்க்கலாம். சின்ன வயதில் இருந்த வீட்டை, வாடகை வீடாக இருந்தாலும் சரி, ஒரு தாளில் மேலிருந்து பார்ப்பது போல வரையுங்கள். சமையலறைக்கதவு எந்தப் பக்கம் திறந்தது என்ற இடத்தில் கை நிற்கும். நின்ற இடத்தில் கொஞ்சம் தோண்டுங்கள்.

படி 3: வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள், கிடைத்ததில் செய்யாதீர்கள்

நான் செய்த முதல் தப்பு கேன்வாஸ் வாங்கியது. ஏன் கேன்வாஸ்? ஓவியர் என்றால் கேன்வாஸ், அவ்வளவுதான் என் யோசனை.

மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ 1932ல் டெட்ராய்ட் நகரத்தில் ஹென்றி ஃபோர்ட் மருத்துவமனையில் கருச்சிதைவுக்கு ஆளானார். அதை அவர் வரைந்தது ஓர் உலோகத் தகட்டில், நம் நோட்டை விரித்தால் வருகிற அளவுதான் இருக்கும். ஏன் தகடு? மெக்சிகோவில் மக்கள் ஆபத்திலிருந்து தப்பினால் புனிதருக்கு நன்றி சொல்லித் தகரத்தில் ஒரு சின்னப் படம் வரைந்து கோயிலில் மாட்டுவார்கள், நம் ஊரில் கண்மலர், கால்மலர் வாங்கி உண்டியலில் போடுவதற்கு தூரத்துச் சொந்தம். காலோ அந்த நேர்த்திக்கடன் வடிவத்தை எடுத்துக்கொண்டார், ஆனால் அதில் புனிதர் யாரும் இல்லை, தப்பிக்கவும் இல்லை. கட்டிலில் அவர், கையில் சிவப்பு நாடாக்கள், அவற்றின் நுனியில் ஆறு பொருட்கள், அதில் ஒன்று நத்தை, அந்த நேரம் எவ்வளவு மெதுவாக நகர்ந்தது என்பதற்கு. வடிவமே பாதி பேசிவிடுகிறது.

கொல்விட்ஸ் கதை இன்னும் பாடமானது. போர் பற்றிய படங்களை முதலில் தனக்கு நன்றாகக் கைவந்த செதுக்கச்சிலும் (உலோகத் தகட்டில் கோடு கீறி அச்செடுப்பது) கல்லச்சிலும் (கல்லில் வரைந்து அச்செடுப்பது) முயன்றார். சரிவரவில்லை. 1920ல் எர்ன்ஸ்ட் பார்லாஹ் என்ற ஜெர்மன் சிற்பியின் மர அச்சுப்படங்களைப் பார்த்ததும் அதுதான் வழி என்று தெரிந்தது. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, ஆனாலும் புதிதாகத் தொடங்கினார். மர அச்சில் செதுக்காத பலகை மையை வாங்கிக் கறுப்பாக விழும், செதுக்கி எடுத்த இடம் மட்டும் வெள்ளை. அதாவது முழு இருட்டில் தொடங்கி, வெளிச்சத்தைத் துளித்துளியாக வெட்டி எடுக்க வேண்டும். 'பெற்றோர்' என்ற படத்தைப் பற்றி நாட்குறிப்பில் எழுதும்போது, வலி என்பது முழு இருட்டு, படம் அதற்கு மீறி வெளிச்சமாக இருக்கிறது என்ற பொருளில் குறைப்பட்டுக்கொண்டார். கடைசியில் வந்த படத்தில் அப்பாவும் அம்மாவும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்து ஒரே கறுப்புக் கட்டியாக இருக்கிறார்கள், கை எது யாருடையது என்று தேடவேண்டும். அந்த 'போர்' வரிசையில் ஏழு படங்கள், ஒன்றில்கூடப் போர்க்களம் இல்லை. எதிரி இல்லை, பதுங்குகுழி இல்லை. வீட்டில் இருந்தவர்களுக்குப் போர் எப்படி வந்ததோ அப்படியே.

புது வடிவத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒப்பாரியை யோசித்துப் பாருங்கள். சொல் எழும்பாத நேரத்தில் ஒரு பெண்ணுக்கு மெட்டும் விளியும் உவமையும் தயாராக இருக்கின்றன, ஆயிரம் பேர் பாடியவை, அவள் தன் வீட்டுக்காரரின் பழக்கவழக்கத்தையும் மாமியார் சொன்ன சொல்லையும் அதற்குள் வைத்து இறக்குகிறாள். சட்டகம் பொது, சரக்கு சொந்தம். கோலம், கணக்கு நோட்டு, ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இவையெல்லாம் வடிவங்கள்தான். உங்கள் அனுபவம் எந்தச் சட்டகத்துக்குள் ஏற்கெனவே நடந்தது என்று கேளுங்கள். எனக்கு விடை, தையல்காரர்கள் சட்டையின் மாதிரியை வெட்டிக்கொள்ள வைத்திருக்கும் பிரவுன் பேப்பர். ஒரு தாள் பத்து ரூபாய்கூட ஆகவில்லை.

படி 4: உங்கள் உடம்பைப் பயன்படுத்துங்கள்

இது சின்னப் படி. 1903ல், பேட்டருக்கு ஏழு வயதாக இருந்தபோது, கொல்விட்ஸ் இறந்த குழந்தையைக் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு தாயை வரைந்தார். மாடல் அவரும் அவர் மகனும்தான். பையனை மடியில் போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்து வரைந்தார், அந்த நிலையில் உட்காருவது கடினமாக இருந்து தான் முனகியபோது, அம்மா கவலைப்படாதே, நன்றாக வரும் என்கிற மாதிரி அந்தக் குழந்தை தேற்றியதாகப் பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் சொல்லியிருக்கிறார். பதினோரு வருடம் கழித்து என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும், அதனால் அந்தப் படத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

நீங்கள் வரையப்போகும் நிலையில் முதலில் நீங்களே உட்காருங்கள், குனியுங்கள், படுங்கள், பத்து நிமிடம் அப்படியே இருங்கள். எந்த இடம் வலிக்கிறது? கழுத்தா, முழங்காலா? நாம் துக்கம் என்றால் முகத்தை வரையப் போகிறோம், ஆனால் உடம்பு அதை முதுகிலும் விரலிலும் வைத்திருக்கிறது. முகத்தில் கண்ணீர் போடுவது எளிது என்பதாலேயே சந்தேகப்படுங்கள்.

படி 5: ஆறவிடுங்கள், ஆனால் கணக்கோடு

"எவ்வளவு நாள் காத்திருக்கணும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நாள் கணக்கு கிடையாது. லூயிஸ் பூர்ஷ்வா என்ற சிற்பி தன் அம்மாவுக்காக ஒன்பது மீட்டருக்கு மேல் உயரமான ஒரு சிலந்தியைச் செய்தார், பெயர் 'மாமான்', அம்மா என்று அர்த்தம். பழைய திரைச்சீலைகளைப் பழுதுபார்த்து நெய்யும் தொழில் அம்மாவுக்கு, சிலந்தியும் அறுந்ததைத் திரும்ப நெய்வது. அம்மா இறந்தது 1932, சிலந்தி வந்தது 1999, பூர்ஷ்வாவுக்கு அப்போது வயது 87. அறுபத்தேழு வருடம் காத்திருங்கள் என்று நான் யாரிடம் சொல்வது!

எனக்குப் பயன்பட்ட ஒரு சோதனை உண்டு. வேலை செய்யும்போது கோட்டின் தடிமனைப் பற்றி உங்களால் கவலைப்பட முடிகிறதா? இந்தப் பழுப்பில் கொஞ்சம் சிவப்பு கூட வேண்டுமா என்று ஐந்து நிமிடம் யோசிக்க முடிகிறதா? முடிந்தால் நேரம் வந்துவிட்டது. ஒவ்வொரு கோட்டுக்கும் நெஞ்சு அடைத்துக்கொண்டால் இன்னும் இல்லை, மறுபடி முதல் படிக்கே போங்கள். தூக்கமும் சாப்பாடும் போய், வேண்டாத எண்ணங்கள் வருகிறதென்றால் தூரிகையைக் கீழே வையுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள், டாக்டரைப் பாருங்கள். கலை அந்த வேலைக்கான மருந்து இல்லை, படம் எங்கேயும் போய்விடாது.

கொல்விட்ஸ் 1919ல் அந்த நினைவுச்சின்னத்தை நிறுத்திவிட்டார், ஐந்து வருடமாக ஓட்டிக்கொண்டு வந்தும் அது எழும்பவில்லை. திரும்ப வருவேன் என்று மகனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டே நிறுத்தினார், ஐந்து வருடம் போல விட்டு மறுபடி எடுத்தார். இடையில் சும்மா இருக்கவில்லை, மேலே சொன்ன மர அச்சுகள் எல்லாம் அந்த இடைவெளியில் வந்தவை. வேலையை நிறுத்துவது, வேலையைக் கைவிடுவது, இரண்டுக்கும் நடுவே அந்த வாக்குதான் இருந்தது. நான் என் கேன்வாஸைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன், பின்பக்கத்தில் தேதி மட்டும் எழுதி.

படி 6: எடுத்துவிடுங்கள்

இந்த வழிகாட்டியை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

1914 டிசம்பரில் கொல்விட்ஸ் மனதில் இருந்த நினைவுச்சின்னம் இப்படி: நடுவில் பேட்டரின் உடல் நீட்டிப் படுத்திருக்கும், தலைமாட்டில் அப்பா, கால்மாட்டில் அம்மா. பெர்லினில் ஹாஃபெல் ஆற்றைப் பார்த்த ஒரு மேட்டில் வைக்க வேண்டும். எந்தத் தாயும் முதலில் இப்படித்தான் யோசிப்பாள். மகனுக்கான சிலை, அதனால் மகன்.

1932ல் பெல்ஜியத்து ராணுவக் கல்லறையில் நின்றது என்ன? இரண்டு மண்டியிட்ட உருவங்கள். அப்பா நிமிர்ந்து, கைகளால் தன்னையே இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு சொல் சொன்னால் உடைந்துவிடுவார் போல. அம்மா முன்னால் குனிந்து சரிந்து. இருவரும் தனித்தனி பீடத்தில், நடுவே இடைவெளி. ஒருவரை ஒருவர் தொடவில்லை. மகன் இல்லை. பதினெட்டு வருடத்தில் எங்கோ ஓரிடத்தில் அந்தத் தாய் தன் கையால் மகனை அந்தச் சிலையிலிருந்து எடுத்திருக்கிறார். அவன் இல்லாமல் போனதைக் காட்ட அவனை இல்லாமல் செய்வதைத் தவிர வேறு வழி இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. படுத்திருக்கும் உடல் இருந்திருந்தால் பார்க்கிறவர்கள் உடலைப் பார்த்துப் பரிதாபப்பட்டுப் போயிருப்பார்கள். இப்போது இரண்டு பேரும் எதைப் பார்த்து மண்டியிட்டிருக்கிறார்களோ அந்த இடத்தில் நாம் நிற்கிறோம்.

மூங்க்கும் எடுத்தார், வேறு மாதிரி. அந்த நோயுற்ற சிறுமியின் படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து, சுரண்டி, கீறி, மறுபடி பூசினார். படத்தின் மேல்பரப்பில் அந்தக் கீறல்கள் அப்படியே தெரியும். 1886ல் காட்சிக்கு வைத்தபோது முடிக்காத படம் என்று திட்டித் தீர்த்தார்கள். அறையில் இருந்த சாமான்களெல்லாம் மங்கிப் போய்த் தலையணையும் முகமும் கைகளும்தான் மிச்சம். அதற்குப் பிறகும் விடாமல் சுமார் நாற்பது வருடத்தில் மொத்தம் ஆறு முறை அதே படத்தை வரைந்தார்.

எப்படிச் செய்வது? வேலை முக்கால்வாசி முடிந்ததும் ஒரு போட்டோ எடுத்து, அதில் எந்தப் பகுதி உங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறதோ அதைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். எதை எடுத்தால் படமே போய்விடும் என்று பயமாக இருக்கிறதோ அதைத்தான் முதலில் மறைக்க வேண்டும். பல சமயம் படம் போய்விடும், சரி, விரலை எடுத்துவிடுங்கள். சில சமயம் படம் அப்போதுதான் மூச்சுவிடும். நான் பிரவுன் தாள்களில் அப்பாவின் கை, கத்தரிக்கோல், தையல் மிஷின் எல்லாம் வரைந்திருந்தேன், நன்றாக வந்த கோடுகள், குறிப்பாக அந்தக் கத்தரிக்கோல். மறைத்துப் பார்த்தபோது சட்டையின் வெட்டுக்கோடும் அதில் எழுதிய எண்களும் மட்டும் போதும் என்று தெரிந்துவிட்டது. கத்தரிக்கோலை எடுக்க ஒரு வாரம் ஆனது. கோழைத்தனம்தான்.

படி 7: இது உங்கள் கதை மட்டும் இல்லை

சொந்த அனுபவம் என்று நாம் சொல்வதில் பாதி அடுத்தவருடையது. அம்மாவின் நோய், நண்பனின் குடி, பிரிந்துபோன காதலி. தொல்காப்பியம் அகத்திணைக்கு ஒரு விதி வைத்திருக்கிறது: காதலைப் பாடும்போது ஒருவரைச் சுட்டிப் பெயர் சொல்லக்கூடாது. தலைவன், தலைவி, தோழி, அவ்வளவுதான். இதைப் பழைய காலத்து நாகரிகம் என்று ஒதுக்கிவிடத் தோன்றும், செய்து பார்த்தால்தான் தெரியும் அது தொழில்நுட்பமும்கூட என்று. பெயரை எடுத்ததும் பழிவாங்கும் ருசி போய்விடும், அதற்குப் பிறகும் படைப்பில் ஏதாவது மிச்சம் இருந்தால் அது நிற்கும்.

கொல்விட்ஸ் சிலைகளின் முகங்கள் அவருடையதும் கார்லுடையதும்தான், ஆனால் பெயர் பொறிக்கவில்லை, தலைப்பு 'துயருறும் பெற்றோர்'. பிறகு 1950களில் சிலைகளும் கல்லறைகளும் பெல்ஜியத்திலேயே விளாட்ஸ்லோ என்ற இடத்துக்கு மாற்றப்பட்டன. அங்கே புதைக்கப்பட்டவர்கள் 25,000க்கு மேல். தரையோடு தரையாகப் பதித்த ஒவ்வொரு கல்லிலும் இருபது பெயர்கள், அப்பா சிலைக்கு முன்னால் இருக்கும் கல்லில் இருபதில் ஒன்றாகப் பேட்டர். அங்கே போகும் யாருடைய அப்பா அம்மாவாகவும் அந்த இருவரும் இருக்கலாம்.

நடைமுறைக்கு வருவோம். உயிரோடு இருப்பவர் படைப்பில் அடையாளம் தெரிந்தால், வெளியே காட்டும் முன் அவரிடம் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் நிறுத்துவதா இல்லையா என்பது உங்களுக்கும் அவருக்கும் இடையில், நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்காமல் போடாதீர்கள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாக இருந்தாலும்.

படி 8: யாரிடம் முதலில் காட்டுவது

"சூப்பர்டா" என்று சொல்பவரிடம் வேண்டாம். அந்த அனுபவமே தெரியாத ஒருவரிடமும், கூடவே இருந்த ஒருவரிடமும் காட்டுங்கள், விளக்கம் சொல்லாமல். தெரியாதவர் எங்கே கண்ணை நிறுத்துகிறார் என்று கவனியுங்கள். "என்ன தோணுது?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு எதையாவது சொல்வார். "என்ன இருக்கு இதுல?" என்று கேளுங்கள், பார்த்ததைச் சொல்வார்.

அப்புறம் நீங்களே ஒரு முறை, எல்லாம் முடிந்த பிறகு, வெளியாள் மாதிரி போய்ப் பாருங்கள். 1932ல் சிலைகளை நிறுவிய பிறகு கொல்விட்ஸ் அந்தப் பெண் உருவத்தின் முன் போய் நின்றார். தன் முகம். அழுதுகொண்டே அதன் கன்னத்தைத் தடவிக்கொடுத்ததாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பதினெட்டு வருடம் களிமண்ணையும் சாந்தையும் அளவுகளையும் பார்த்துக்கொண்டிருந்தவர், கல்லில் வெட்ட வேறு கைகளிடம் கொடுத்து வாங்கியவர், அன்றைக்குத்தான் அதன் முன்னால் வெறும் அம்மாவாக நின்றார்.

என்னுடையது பதினொரு தாள். பதினொரு தீபாவளிச் சட்டைகள், முழு அளவில், மார்க்கிங் சாக்கால் போட்ட வெட்டுக்கோடுகள், அப்பாவின் நோட்டில் இருந்தபடியே எண்கள். கண்காட்சியெல்லாம் இல்லை, வீட்டு ஹாலில் கயிறு கட்டி கிளிப் போட்டு மாட்டினேன். ஃபேன் போட்டால் சலசலக்கும். அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார், இந்த முறை யார் என்று கேட்கவில்லை. முதல் தாளிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய் ஏழாவதில் நின்று, கைப்பகுதியை விரலால் தொட்டார்.

"இந்த வருஷம் கை ஒரு இஞ்ச் குறைச்சலா வெட்டிட்டார்டா, ஞாபகம் இருக்கா? போடவே மாட்டேன்னு கத்துனே. ராத்திரியெல்லாம் உக்காந்து பிரிச்சுத் தச்சார் மனுஷன்."

எனக்கு ஞாபகம் இல்லை. நோட்டை எடுத்துப் பார்த்தேன். கை பத்தொன்பது என்று எழுதி, அடித்து, பக்கத்தில் இருபது என்று இருந்தது.